நம் கையில் ஒரு பிடி
(அப்புத்தளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு 'மனித நிலை'. மெய்யியல், உளவியல், சமயம், விஞ்ஞானம் என்ற நான்கின் வழியாகவும் மனிதனைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஆயுள் முழுக்கப் படித்தவர்களே முடித்தபாடில்லை. எனக்கு இருப்பதோ ஒரு மணி நேரம். ஆகவே நான்கிடமும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன். மனிதனை எது உடைக்கிறது?

பசி உடைக்கிறதா? இந்த மலைகளில் பசியோடு படுத்து, பசியோடு எழுந்து, பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் உண்டு. உழைப்பு உடைக்கிறதா? மழையிலும் பனியிலும் அட்டைக்கடியிலும் நாற்பது வருடம் கொழுந்து பறித்த பாட்டிமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். சாவு உடைக்கிறதா? சாவு காணாத லயத்து வரிசை வீடு ஏது?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துன்பம் மனிதனை வருத்தும். அவனை உடைப்பது வேறொன்று. 'நான் பேசினாலும் ஒன்றுதான், பேசாவிட்டாலும் ஒன்றுதான். செய்தாலும் ஒன்றுதான், சும்மா இருந்தாலும் ஒன்றுதான்' என்று ஒருவன் முடிவுகட்டுகிறானே, அங்கேதான் உடைகிறான். தன் வாழ்க்கையில் தன் கைக்கும் ஒரு பிடி உண்டு என்று தெரிந்தவன் எவ்வளவு பெரிய மலையையும் ஏறுவான். இதை நான் சொல்லவில்லை. மெய்யியல் சொல்கிறது, உளவியல் சொல்கிறது, நம் சமயத்துக் காமன் கூத்து சொல்கிறது, மண்ணைப் படித்த விஞ்ஞானமும் சொல்கிறது. ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதலில் மெய்யியல்.

கிரேக்கப் புராணத்தில் சிசிபஸ் என்று ஒருவன். அவனுக்குத் தேவர்கள் கொடுத்த தண்டனை, ஒரு பாறையை மலையுச்சிக்கு உருட்டிக்கொண்டு போவது. உச்சியைத் தொட்டதும் பாறை உருண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும். மறுபடி உருட்ட வேண்டும். முடிவே கிடையாது. 1942-இல் அல்பேர் காம்யூ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் இந்தக் கதையை எடுத்து, மனித வாழ்க்கையே இதுதான் என்றார். பலன் இல்லை என்று தெரிந்தும் பாறையைத் தொடும் அந்த மனிதன் மகிழ்ச்சியாக இருப்பதாகவே நாம் எண்ணிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

அழகான பேச்சுத்தான். ஆனால் நம் மலையில் நிற்கும் ஒரு தாயிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! அவள் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகிறாள். நிரை பிடிக்கிறாள். பறித்து முடித்த மலை ஒரு வாரத்தில் மறுபடி கொழுந்து விட்டு நிற்கிறது. மறுபடி கூடை, மறுபடி நிரை, மறுபடி தராசு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். பாறைக்கும் கொழுந்துக்கும் வித்தியாசம் இல்லைதானே என்று தோன்றும். வித்தியாசம் இருக்கிறது! காம்யூ காட்டும் சிசிபஸ் தனியாள். அடிவாரத்தில் அவனுக்காக யாரும் காத்திருக்கவில்லை. இவளுக்காகப் பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தை காத்திருக்கிறது. உயர்தரம் படிக்கும் மகளின் டியூஷன் காசு காத்திருக்கிறது. அவள் ஏறுவது தண்டனைக்காக அல்ல, இன்னொருவருக்காக. அவளை 'மகிழ்ச்சியாக இருப்பதாக எண்ணிக்கொள்' என்று எந்தத் தத்துவவாதியும் எனக்குச் சொல்ல வேண்டாம். அவளையே கேட்கட்டும். 'உனக்கு என்ன வேண்டும் தாயே?' என்று கேட்கட்டும். கேட்டார்களா? கேட்கவில்லை என்பதுதான் நம் வரலாறு.

இன்னொரு சிந்தனையாளரிடம் வருவோம். ஹன்னா அரென்ட். ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் நாட்டைவிட்டுத் தப்பினார். பிறகு பல ஆண்டுகள் எந்த நாட்டின் பிரஜையாகவும் இல்லாமல் வாழ்ந்தார். அமெரிக்கப் பிரஜாவுரிமை கிடைத்தது 1951-இல்தான். 1958-இல் அவர் எழுதிய நூலுக்குப் பெயரே 'மனித நிலை'. மனிதர் செய்வதை அவர் மூன்றாகப் பிரித்தார். ஒன்று, அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே கரைந்து போகும் உழைப்பு. இரண்டு, பாலம்போல, வீடுபோல நின்று நிலைக்கும் ஆக்கம். மூன்று, நாலு பேர் முன்னால் நின்று பேசி, சேர்ந்து, புதிதாக ஒன்றைத் தொடங்கும் செயல். மூன்றும் சேர்ந்தால்தான் முழு மனிதன்.

நம் முன்னோருக்கு இதில் எது கிடைத்தது? முதலாவது தாராளமாகக் கிடைத்தது. இரண்டாவதையும் செய்தார்கள், காட்டை வெட்டித் தோட்டமாக்கினார்கள், ரோடு போட்டார்கள், 1924-இல் பதுளை வரை வந்து சேர்ந்த ரயில்பாதையில் அவர்களின் வியர்வை இருக்கிறது. மூன்றாவது? 1947 தேர்தலில் வாக்களித்தார்கள். அவர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த வருடமே, 1948-இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவர்களை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வாக்கும் போனது. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரையும் அந்த மேசையில் உட்கார வைக்கவில்லை. மலைநாட்டு ஸ்டேஷன்களில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத் தலைமன்னாருக்கு ரயிலேறியவர்கள் நம் அத்தைமார், நம் சித்தப்பாமார். எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003-இல்.

அரென்ட் இதைத்தான் வேறொரு நூலில் எழுதினார். நாடற்றவன் இழப்பது இந்த உரிமையையோ அந்த உரிமையையோ மட்டுமல்ல. தன் கருத்துக்கு மதிப்பும் தன் செயலுக்குப் பலனும் இருக்கிற இடத்தையே அவன் இழக்கிறான் என்றார். ஐரோப்பிய அகதிகளைப் பார்த்து எழுதியவர், அப்புத்தளை லயத்தை எட்டிப் பார்த்து எழுதியதைப்போல அல்லவா இருக்கிறது!

அடுத்து உளவியல். இங்கே விஷயம் இன்னும் கூர்மையாகிறது.

1967-இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். கொடுமையான பரிசோதனை, இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள். சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். வேறு சில நாய்களுக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும், தாழ்வான ஒரு தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற பெட்டியில் விட்டார்கள். முதல் கூட்டம் தாண்டிக் குதித்தது. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவை படுத்துவிட்டன. வழி திறந்திருந்தும் படுத்துக்கிடந்தன. இரண்டு கூட்டமும் பட்ட வலி ஒன்றுதான்! ஒரே வித்தியாசம், ஒன்றுக்குப் பிடி இருந்தது, மற்றதற்கு இல்லை.

கையறுநிலை கற்றுக்கொள்ளப்படுகிறது என்று அவர்கள் எழுதினார்கள். உலகம் முழுக்க அதுதான் பாடமானது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-இல், மூளையைப் பற்றிய புதிய ஆய்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே இருவரும் தங்கள் பழைய முடிவைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தின் முன்னால் ஒடுங்கிப் படுத்துவிடுவது மூளையின் இயல்பு. அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது, 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதை. அதை ஒருமுறை அனுபவித்த மூளை, அடுத்த துன்பம் வரும்போது அவ்வளவு எளிதில் ஒடுங்குவதில்லை என்றார்கள்.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். சோர்ந்து கிடக்கும் ஒருவனைப் பார்த்து 'சோம்பேறி' என்கிறோம். குடித்துவிட்டுக் கிடப்பவனை 'உருப்படாதவன்' என்கிறோம். விஞ்ஞானம் என்ன சொல்கிறது? ஒடுங்குவது இயல்பு. எழுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஒரேயொரு வெற்றியாவது, சின்ன வெற்றியாவது, கையில் கிடைக்க வேண்டும்.

அப்படியொரு வெற்றியை நம் ஊவா மாகாணம் பார்த்திருக்கிறது. 1940-இல் பதுளைப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்துதான் காரியம் செய்வேன் என்று தோட்டத் துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. துரையின் முன்னால் செருப்புப் போட்டு நடக்கவே தயங்கிய காலம் அது! பொலிஸ் அடக்குமுறை வந்தது. அந்த வருடம் ஊவாவையே துண்டித்த வெள்ளமும் வந்தது. போராட்டம் அடங்கியது. தோல்விதான் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். துரையைக் கலந்து பேச வைக்க முடியும் என்று ஒருமுறை பார்த்த கண், அதைப் பாராத கண் ஆகுமா?

இனி சமயம்.

தோட்டத்துச் சாமிகளைப் பாருங்கள். மாரியம்மாளும் முனியாண்டியும் கடல் தாண்டி நம்மோடு வந்தவர்கள். ஆனால் இங்கேயே பிறந்த சாமிகளும் உண்டு. கவ்வாத்துச் சாமி எந்தப் புராணத்தில் வருகிறார்? ரோதைமுனிக்கு எந்த ஆகமத்தில் இடம்? தேயிலைத் தொழிற்சாலையில் பெரிய ரோதைச் சக்கரம் சுற்றுகிறது. பட்டியில் துணி சிக்கினால் கை போகும், உயிரும் போகும். அந்த இயந்திரத்தைப் படைத்தவன் வெள்ளைக்காரன், ஓட்டுகிறவன் நம்மாள். அவன் என்ன செய்தான்? இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கல்லை நட்டான். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடம் கொளுத்தி, 'முனியே, என் கையைப் பார்த்துக்கொள்' என்றான். படித்தவர்கள் மூடநம்பிக்கை என்பார்கள். எனக்கு அது வேறொன்றாகத் தெரிகிறது. தனக்குக் கட்டுப்படாத இரும்போடு அவன் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டான். தனக்கு ஒரு பிடியை அவனே செய்துகொண்டான்.

அதைவிடப் பெரியது காமன் கூத்து. மாசி மாதம் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவதிலிருந்து காமனாகிய மதன் எரியும் இரவு வரை உங்களுக்குத் தெரியாததா? சிவனின் தவத்தைக் கலைக்கப் போகிறான் மதன். போகாதே என்கிறாள் மனைவி ரதி. கேட்கவில்லை. நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான். அப்போது ரதி வேடம் கட்டிய இளைஞன் மண்ணில் விழுந்து புரண்டு ஒப்பாரி வைக்கிறானே, அந்த நேரத்தில் ரதியைப் பார்க்காதீர்கள். சுற்றி நிற்கும் பெண்களைப் பாருங்கள். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுகிறார்கள். யாருக்காக? ஒருத்தி இந்தியாவுக்குப் போய்த் திரும்பாத அண்ணனுக்காக. ஒருத்தி பாம்பு தீண்டிப் போன புருஷனுக்காக. ஒருத்தி பேர் வைக்கும் முன்னமே போன பிள்ளைக்காக. தனியாக அழ நேரமும் இடமும் இல்லாத லயத்து வாழ்க்கையில், ஊரே கூடி அழ ஒரு ராத்திரியை ஒதுக்கி வைத்தார்கள் நம் முன்னோர்.

மூன்றாம் நாள் மதன் உயிர்பெறுகிறான். எப்படி? ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி! 'இறந்தவரை மறந்து மீண்டு வா' என்றுதான் ஒரு காலத்தில் உளவியல் சொல்லிக்கொண்டிருந்தது. 1996-இல் டெனிஸ் கிளாஸ் முதலிய ஆய்வாளர்கள், இறந்தவரோடுள்ள உறவு அறுந்துபோக வேண்டியதில்லை, உருமாறி மனதுக்குள் தொடரலாம், அது நோயல்ல என்று எழுதினார்கள். எழுத்தறியாத காமன் வாத்தியார்கள் இதைப் பொட்டலில் ஆடிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊவாவிலேயே கதிர்காமம் இருக்கிறது. அங்கே காவடி எடுக்கிறோம், தீ மிதிக்கிறோம். உடம்பை வருத்திக்கொள்வதால் என்ன கிடைக்கிறது? இதை ஆராய்ந்திருக்கிறார் திமித்ரிஸ் சிகலாடாஸ் என்ற கிரேக்க மானிடவியலாளர். ஸ்பெயினில் ஒரு கிராமத்தில் தீ மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத்துடிப்பை அளந்தார்கள். மிதிப்பவனின் துடிப்போடு, பார்த்து நின்ற அவன் உறவினரின் துடிப்பும் ஒத்துப்போனது. அந்நியரின் துடிப்பு ஒத்துப்போகவில்லை. பிறகு அவர் மொரிசியஸ் தீவுக்குப் போனார். நம்மைப்போலவே கப்பலேறிக் கரும்புத் தோட்டத்தில் உழைத்த தமிழரின் பேரப்பிள்ளைகள் அங்கே தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். வலி மிகுந்த அந்தச் சடங்கில் சேர்ந்தவர்கள் மட்டுமல்ல, கூட நடந்தவர்களும் அதற்குப் பிறகு பொதுக்காரியத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று கண்டார். தனக்குள் கிடந்த வலி பத்துப் பேர் பார்க்கும் வலியாகும்போது அது ஊரைச் சேர்க்கிறது.

ஆனால் சமயத்தின் இன்னொரு முகத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். 'எல்லாம் தலையெழுத்து' என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! சம்பளம் குறைந்தால் தலையெழுத்து. கூரை ஒழுகினால் தலையெழுத்து. பிள்ளை பாதியில் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்குப் போனால் தலையெழுத்து. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், அதன் வலிமையை மறைக்கவில்லை. அவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்து, ஓயாமல் முயல்பவன் ஊழையும் புறங்காட்டி ஓட வைப்பான் என்றார். புத்தர் என்ன செய்தார்? அம்பு தைத்தவன், எய்தவன் யார், என்ன குலம் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் விடை தெரியுமுன் செத்துப்போவான், முதலில் அம்பைப் பிடுங்கு என்றார். கையைப் பிடித்துத் தூக்கும் சமயம் நமக்கு வேண்டும். கையைக் கட்டிப்போடும் சமயம் வேண்டாம்.

கடைசியாக விஞ்ஞானம். இங்கே கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

2014 ஒக்டோபர் 29. இங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்த. காலை ஏழரை மணி கடந்த வேளை. மலை இறங்கியது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போன பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை.

மலை ஏன் இறங்கியது? தெய்வக் குற்றமா? மழைநீர் மண்ணின் துளைகளுக்குள் நிறைகிறது. நிறைய நிறைய, அந்த நீரின் அழுத்தம் மண்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. உராய்வு குறைகிறது. தன் பாரத்தைத் தானே தாங்க முடியாத நிலை வரும்போது சரிவு நழுவுகிறது. இது திடீரென்று வருவதில்லை. நிலம் வெடிக்கும். சுவர் பிளக்கும். நேற்றுவரை மூடிய கதவு இன்று நிலைக்குள் இறுகும். இல்லாத இடத்தில் ஊற்று வரும். இருந்த ஊற்று கலங்கும். மரம் சாயும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மீரியபெத்த ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது.

அப்படியானால் விஞ்ஞானம் தோற்றதா? இல்லை. அறிவு இருந்தது. 'போங்கள்' என்ற சொல்லும் இருந்தது. 'எங்கே போவது?' என்ற கேள்விக்குத்தான் விடை இல்லை. குடியிருந்த வீடும் அவர்களுடையதல்ல, போய்க் குடியேற ஒரு துண்டு நிலமும் இல்லை. பிழைத்தவர்களில் பலர் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக்குள் காலம் தள்ளினார்கள். 2016 ஒக்டோபரில்தான் 75 புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. பிடி இல்லாதவன் கையில் கிடைத்த அறிவு, படித்துவிட்டு மடித்து வைக்கும் கடிதமாகிவிடுகிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன. இன்னும் எத்தனை முறை?

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். 'ஐயா, எல்லாம் நம் கையில் என்று சொல்லிச் சொல்லி, பழியையும் ஏழையின் தலையிலேயே போடுகிறீர்களே?' நியாயமான கேள்வி. 'மலையக மக்கள் பொறுமைசாலிகள், எதையும் தாங்குவார்கள்' என்று புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. லிப்டன் சீட் காட்சிமுனையில் நின்று படம் பிடிப்பவர்களுக்குத் தேயிலை பச்சைக் கம்பளம்; அதில் குனிந்து நிற்கும் பெண் படத்துக்கு ஓர் அழகு. தாங்குவது நம் பெருமையாக இருக்கலாம். அதையே சாக்காக வைத்து இன்னும் ஏற்றலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. காணி உறுதி கொடுப்பது, வீடு கொடுப்பது, கட்டுப்படியாகும் சம்பளம் கொடுப்பது அரசினதும் கம்பனிகளினதும் கடமை. அதில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க முடியாது. நான் சொல்வது, அதைக் கேட்டு வாங்கும் குரல் நமக்குள் ஒடுங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதை மட்டும்தான். அந்தக் குரல் சின்னச் சின்ன வெற்றிகளில் வளர்கிறது.

ஆகவே மூன்று வேலைகளோடு உங்களை அனுப்பப் போகிறேன்.

மாணவர்களே, முதல் வேலை உங்களுக்கு. நேரான பக்கமுள்ள ஒரு போத்தலை வெட்டி, அடிமட்டத்தை ஒட்டுங்கள். ஒரு மழைமானி தயார். தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள், கொப்பியில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழித்திருக்க வேண்டும். 100 தாண்டினால் மூட்டை கட்டித் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினால் வெளியேற வேண்டும். உங்கள் லயத்துக்கு அந்த எண்ணைச் சொல்லும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும். அதிகாரிகளின் எச்சரிக்கைக்கும் காது கொடுங்கள். உங்கள் கணக்கையும் விட்டுவிடாதீர்கள்.

ஆசிரியர்களே, இரண்டாவது உங்களுக்கு. அடுத்த மாசிக்கு முன் உங்கள் தோட்டத்துக் காமன் வாத்தியாரைப் பாடசாலைக்கு அழையுங்கள். பிள்ளைகள் முன்னால் ஆடச் சொல்லுங்கள், பதிவு செய்யுங்கள். தன் தாத்தா ஒரு கலைஞர் என்று மேடையில் பார்த்த பிள்ளை, தன்னைச் சாதாரணமாக எடைபோடாது.

தாய்மாரே, தகப்பன்மாரே, மூன்றாவது உங்களுக்கு. கடிதம் இன்னும் தோட்டத்து ஒப்பீசுக்குத்தான் வருகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டும் நேர்முகத் தேர்வுக் கடிதமும் தவறிப்போன வீடுகள் இங்கே உண்டு. உங்கள் வீட்டுக்கு ஓர் இலக்கம், உங்கள் பாதைக்கு ஒரு பெயர், உங்கள் பேரில் ஒரு முகவரி. இதை ஒரு லயம் தனியாகக் கேட்டால் மனு. நாற்பது லயம் சேர்ந்து கேட்டால் கோரிக்கை. பிரதேச செயலகத்துக்குச் சேர்ந்து போங்கள். கிடைக்கும்வரை போங்கள். கிடைத்த அன்று ஊரைக் கூட்டிச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த வெற்றியைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறை காணி உறுதியைக் கேட்கும்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். இந்த மூன்றில் எதை எடுத்துக்கொள்கிறீர்களோ அதற்கு நேரே உங்கள் பேரையும் தோட்டத்தையும் எழுதிவிட்டுப் போங்கள்.